கெஸ்ட்

புது லப்டொப்பில் ஆளாளுக்குக் கணக்குத் திறந்துகொண்டிருந்த மகள், “அம்மா, அம்மப்பாவுக்கு என்ன போடுறது? கெஸ்ட்டா?” என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யுத்த காலம். அம்பிட்டிய வீட்டில், பழைய சேலைத் துண்டால் மூடிவைத்த எங்கள் முதல் கொம்பியூட்டர். அப்பா அண்ணாவை அட்மின் ஆக்கினார். எனக்குக் கெஸ்ட், விருந்தாளி. ஒரு தமிழ் ஃபொண்ட் போடுவதற்கும் அண்ணாவிடம் போய் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

“நீ இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளைதானே” என்று சிரித்தார்.

அதே கிழமை பொலிஸ் வீடு சோதிக்க வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்களைத் தேடினார்கள். ஒருவன் என்னைக் காட்டி, “விருந்தாளியா?” என்று சிங்களத்தில் கேட்டான். அப்பா பதறிப்போய் என் தோளைப் பிடித்தார்.

“இல்லை மாத்தையா, மகள்! இந்த வீட்டு ஆள்!”

அவர்கள் போனதும் கொம்பியூட்டரைப் போட்டுப் பார்த்தேன். கெஸ்ட் கெஸ்ட்டாகவே கிடந்தது. பொலிசுக்கு முன்னால் மட்டும்தான் நான் வீட்டு ஆள்.

இன்று அப்பா என் வீட்டில், என் கதிரையில் இருக்கிறார்.

“அட்மின் எண்டு போடு” என்றேன் மகளிடம், சத்தமாக. “இந்த வீட்டில ஒருத்தரும் கெஸ்ட் இல்லை.”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேட்டிருக்கும்.