கையுறையை மாட்டுவதற்கு முன்

கண்டிக்கு அருகே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மாதிரிகளை உறையவைத்துக் காக்கும் திரவ நைட்ரஜன் தாங்கி கசிகிறதென்று பலமுறை சொல்லியும் எங்கள் தலைவர் அதை மாற்றவில்லை. கலஹாத் தோட்டங்களில் அலைந்து நான் சேகரித்த தேயிலை மாதிரிகள் எல்லாம், தாங்கியில் குளிர் போய் அழிந்தன. பழியை எல்லோர் முன்னாலும் என்மீதே போட்டார்.

பிறகு புதிய தாங்கிகள் வந்தன; மாதிரிகளை இடம்மாற்றும் பொறுப்பு எனக்கு. அன்று அவருடைய மாதிரிகள் இருந்த பழைய தாங்கியும் பழுதாகி, குளிர் கசிந்து அதன் வெளிப்புறத்தில் பனி படர்ந்தது.

"மிஸ், என்னோடதை முதல்ல எடுங்க!" என்று ஓடி வந்தார்.

நான் அசையவில்லை. "அன்னைக்கு என்னோடது அழிஞ்சது யாரோட பிழை, சேர்?"

"என்னோடதுதான்."

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். அதன்பிறகே கையுறையை மாட்டினேன். அவருடைய மாதிரிகளில் ஒன்றுகூடக் கெடவில்லை.

அவர் தலைகுனிந்தது இன்றும் எனக்கு இனிக்கிறது. சொல்ல மறுத்திருந்தால் காப்பாற்றியிருப்பேனா? தெரியவில்லை.