'ஒன்று' இல்லாத டைப்ரைட்டர்

கற்பகாம்பாளை நம்பி வாழும் சகோதரிகளே, நாற்பத்தேழு வயதில் வேலை தேடிப் போனவள் நான். அந்த வயதில் ஊரில் மற்றவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவார்கள்.

1996-ஆம் வருஷம். என் கணவர் சிவப்பிரகாசம் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் காலை ஏழு மணிக்கு டிபன் டப்பாவோடு கிளம்பிய மனிதர், கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மறுத்தார். ஷேவ் செய்துகொள்ளவில்லை. யாரோடும் பேச்சில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் அவளே சொன்னாள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் ஐந்து நிமிஷ நடை. அன்றே போய் அம்பாள் முன்னால் நின்று அழுதேன். எனக்கு ஒரு வேலை கொடு, என் பெண் படிக்கட்டும் என்று கேட்டேன்.

வேலை கிடைத்தது. அதுவே அற்புதம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில், மாடியில் இருந்தது ஆபீஸ். தபால் மூலம் படிக்கிறவர்களுக்குப் பாடம் அனுப்பிப் பரீட்சை நடத்தும் இடம். கல்யாணத்துக்கு முன் நான் மவுண்ட் ரோட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பாஸ். மேனேஜர் கோபாலன் என் பழைய சர்டிபிகேட்டைப் பார்த்ததும், "மூணு மாசம் பார்ப்போம்மா. சரியா வந்தா பர்மனென்ட்" என்று சேர்த்துக்கொண்டார்.

அங்கே டைப்ரைட்டர் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். தொடவே பயந்தேன். பக்கத்து மேஜையில் ஷீலா என்று வடபழனிப் பெண், இருபத்துமூன்று வயது. "ஷாக்கெல்லாம் அடிக்காது ஆன்ட்டி, சும்மா அமுக்குங்க" என்று தைரியம் சொன்னவள் அவள்தான். அவள் இரண்டே விரலால் தேடித் தேடி அடிப்பாள். ஒரு வாரத்தில் என் வேகத்தைப் பார்த்து, "இன்னா ஆன்ட்டி, மழை மாதிரி கொட்டுறீங்க!" என்று வாயைப் பிளந்தாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

மூன்றாவது மாதம் பரீட்சை வந்தது. விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, நானும் ஷீலாவும் பெயரும் பதிவு எண்ணும் அடித்தோம். எந்தக் கட்டை யார் அடித்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஹால் டிக்கெட் அச்சடித்தபோது நூற்றுக்கணக்கான பேருக்கு வரவே இல்லை. திரையில் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, ஹால் டிக்கெட் மட்டும் இல்லை. பரீட்சைக்குப் பத்தே நாள். கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் இரண்டு நாள் நோண்டிவிட்டு, "மெஷின்ல கோளாறு இல்ல சார், அடிச்சதுலதான் ஏதோ தப்பு" என்று கையை விரித்தார்.

மேனேஜர் ஷீலாவைக் கூப்பிட்டார். "அவங்க ஹையர் பாஸ் பண்ணவங்க. நீ ரெண்டு விரல்ல அடிக்கிறவ. தப்பு யாருதுன்னு நான் சொல்லணுமா? மாசக் கடைசியோட நின்னுக்கோ" என்றார்.

"நான் இன்னா ஆன்ட்டி பண்ணேன்? ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துத்தானே அடிச்சேன்?" என்று ஷீலா என் மேஜையில் கவிழ்ந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே விடுபட்ட எண்களின் பட்டியலைப் பார்த்தேன். எல்லா எண்ணிலும் எங்காவது ஒரு 'ஒன்று' இருந்தது.

நான் கற்றுக்கொண்ட டைப்ரைட்டரில் 'ஒன்று' என்ற எண்ணுக்குத் தனிக் கீ கிடையாது. இங்கிலீஷ் சின்ன 'எல்' எழுத்தைத்தான் 'ஒன்று'க்குப் பதிலாக அடிப்போம். இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தான் பழக்கினார்கள். என் வலது மோதிர விரல் தானாகவே அங்கே போய்விடும். பார்க்கிற கண்ணுக்கு அது ஒன்று. கம்ப்யூட்டருக்கு அது எழுத்து, எண்ணே இல்லை என்று தள்ளிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

நான் சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். பர்மனென்ட் ஆக இன்னும் சில நாள்தான். சாயங்காலம் பஸ் பிடித்து நேராகக் கோயிலுக்குப் போனேன். இது வெளியே தெரியாமல் காப்பாற்று தாயே என்று வேண்டத்தான் போனேன். தீபாராதனை காட்டினார்கள். அம்பாள் முகத்தைப் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. இன்னொருத்தி பெற்ற பெண்ணின் வயிற்றில் அடித்துவிட்டு என் பெண்ணுக்குப் படிப்புக் கேட்கிறேன். எந்தத் தாயிடம் இதைக் கேட்க முடியும்? அழுகை வந்தது. கடைசியில், "நாளைக்கு என் வாயைத் திறக்க வை" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, பதில் வராது என்று தெரிந்தும், கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"தப்பே பண்ணாம வேலை போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் வசந்தா. போய்ச் சொல்லிடு. உன் வேலை போனா போகட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஆளும் அங்கே இருந்தார். "அட! நீங்க சொல்லலைன்னா இது எங்க கண்ணுக்குப் பட்டே இருக்காதும்மா" என்றார். எண் வரும் இடத்தில் இருந்த 'எல்' எழுத்தையெல்லாம் ஒரே கட்டளையில் 'ஒன்று' என்ற எண்ணாக மாற்றினார். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அன்று மாலைக்குள் எல்லா ஹால் டிக்கெட்டும் தபாலுக்குப் போயின.

மேனேஜர் ஷீலாவைக் கூப்பிட்டு, "தப்பா பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காத" என்றார். என்னிடம், "இன்னும் மூணு மாசம் பார்ப்போம்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டேன். நியாயம்தானே? தை மாதம் பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தது. மகள் பட்டம் வாங்கினாள். கணவரோ, நான் உண்மையைச் சொன்ன அந்த வாரமே ஷேவ் செய்துகொண்டு வேலை தேடக் கிளம்பினார். அடையாறில் ஒரு கடையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார்.

வயதாகிவிட்டதே, இனி எந்த ஆபீசில் சேர்ப்பார்கள் என்று தயங்கும் அம்மாமார்களே, தைரியமாகப் போங்கள். தப்பு நடக்கும். நடந்தால் அம்பாளிடம் போய் நில்லுங்கள். மறைத்துவிடு என்று மட்டும் கேட்காதீர்கள், தாங்கிக்கொள்ளத் தைரியம் கேளுங்கள். என் ஒருத்தியின் வாயைத் திறக்கச் சொல்லித்தான் நான் கேட்டேன். அவள் முதலில் என் கணவரின் வாயைத் திறந்தாள்.