தோப்பை நோக்கி உருண்ட பந்து

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரை மேப் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். உலகத்தையே விரல் நுனியில் வைத்திருந்தவருக்குத் தங்கையின் புது வீட்டுக்கு மட்டும் வழி பிடிபடாது. கடல் கடந்து போகச் சொன்னால் போய்விடுவாள், இரண்டு தெரு தாண்டச் சொன்னால்தான் திண்டாட்டம் என்று கணவர் கேலி செய்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்ற கேள்வி எழுந்தபோது, அந்தப் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். செயற்கைக்கோள் அளந்த உயரங்களுக்குக் கணினியில் வண்ணம் கொடுத்தார். பள்ளம் நீலம், மேடு மஞ்சள். பள்ளிக்குப் பின்னாலிருந்த தோப்பு பொன்னாக மின்னியது. அங்கேதான் கூடுவது என்று முடிவாயிற்று. வரைபடம் பெற்றோர் எல்லோருடைய செல்போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒத்திகை நாளில் பிள்ளைகள் வரிசையாகத் தோப்புக்கு நடந்தார்கள். டீச்சர் கனவில் நடப்பவரைப்போலப் பின்னால் போனார். ஒரு சிறுமியின் கையிலிருந்து பந்து நழுவியது. யாரும் உதைக்காமலே, அவர்களுக்கு முன்னால், அவசரமில்லாமல் உருண்டுபோய்த் தோப்பில் ஒரு மரத்தடியில் நின்றது.

டீச்சர் பந்து போன வழியைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். இலைகள் அசைந்தன. வானத்துக் கண், மர உச்சியைத் தரை என்று நினைத்து அளந்திருக்கிறது; தோப்பு மேடல்ல, பள்ளம்.

தலைமையாசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் அனுப்பியாச்சே டீச்சர். இப்ப மாத்தினா நம்மள என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும் மேடம். தண்ணியும் அந்தப் பந்து போன வழியிலதான் போகும்."

மாலை நேரங்களில் கணவரோடு தெருத்தெருவாகப் பந்தை உருட்டிப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு விளையாடியதில்லை என்று கணவர் மூச்சு வாங்கினார். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் தெருவில் மட்டும், உருட்டிய பந்தெல்லாம் திரும்பி வந்தது. புது வரைபடம் பெற்றோருக்குப் போயிற்று, மன்னிப்புக் கேட்கும் ஒரு வரியோடு.

அடுத்த மழையில் ஆற்று வெள்ளம் வகுப்பறைகளுக்குள் வந்தது. பிள்ளைகள் தொட்டி மேட்டில் நின்றார்கள். கீழே தோப்பின் அடிமரங்கள் மறைந்து, இலைகள் மட்டும் தண்ணீரில் மிதந்தன. பந்துக்காரச் சிறுமி டீச்சரின் விரலைப் பிடித்தாள்.

"அங்க போயிருந்தா, டீச்சர்?"

"இங்கதானே வந்திருக்கோம்" என்றார். விரலை விடவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன; இப்போது டீச்சர் இல்லை. ஒத்திகை நாட்களில் பிள்ளைகள் தொட்டித் தெரு ஏற்றத்தில் முதலில் ஒரு பந்தை உருட்டிவிடுகிறார்கள். அது திரும்பி இறங்கி வருகிறது. கீழே நின்று அதைப் பிடிப்பவர் அவருடைய கணவர்.