இடக்கைக் கியர்

“யார் ஓட்டப்போகிறீர்கள், மதாம்?” என்று வாடகைக் கார் நிறுவனத்துப் பெண் தொலைபேசியில் பிரெஞ்சில் கேட்டாள். பதில் சொல்ல மாத முடிவுவரை அவகாசம் தந்திருக்கிறாள். மொன்றியலில் இப்படி யாரும் கேட்பதில்லை. இங்கே எங்களுக்குத் தெரிந்தவர்களின் கார்கள் எல்லாம் ஓட்டோமெற்றிக். இரண்டு மிதி, ஒரு கால், வீட்டில் யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஜூனில் நாங்கள் போக நினைத்திருக்கும் தென் பிரான்சில் கையால் கியர் மாற்றும் கார்கள்தான் மலிந்து கிடக்கின்றனவாம். பிள்ளையின் இருக்கையும் இரண்டு வாரப் பெட்டிகளும் கொள்ளக்கூடிய ஓட்டோமெற்றிக் அவர்களிடம் ஒன்றுகூட மிச்சமில்லை என்றாள்.

பயணத் திட்டம் என் கணவர் ரூபனுடையது. மார்செய்யில் இறங்கி, கடலோரமாக நீஸ் வரை போய், பிறகு உள்நாட்டு மலைக் கிராமங்கள் வழியாகத் திரும்புவது. சாப்பாட்டு மேசையில் விரித்த வரைபடத்தில் அவருடைய விரல் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வளைவுகளில் தடுப்புச் சுவர் இருக்குமா, நான்கு வயது ஆரணிக்கு வாந்தி வந்தால் எங்கே நிறுத்துவது என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். “உம்மட பயத்துக்கு ஒரு தனி சூட்கேஸ் வேணும்” என்பார்.

பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருக்குக் கியர் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் படுவான்கரையின் கிரவல் வீதிகளில் அலுவலகப் பிக்கப்பை ஓட்டியவள் நான். மாரியில் வெள்ளம் வீதியை மூடும்போது பின்னாலிருக்கும் ஆண்கள், “மிஸ், இறங்கித் தள்ளட்டா?” என்று கேட்பார்கள். “சும்மா இரிங்க” என்று சொல்லி முதல் கியரிலேயே ஏற்றிவிடுவேன். அந்தப் பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. இங்கே வந்து ஏழு வருடமாகிறது. மொன்றியல் புறநகரான டொலார்டில் எங்கள் வீட்டிலிருந்து ஆரணியின் கார்டெரிக்கு, பகல் நேரக் காப்பகத்துக்கு, போகும் சின்னத் தூரத்துக்கே, அவளுடைய இருக்கைப் பட்டி பூட்டியிருக்கிறதா என்று இரண்டுதரம் இறங்கிப் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டு லூக்கிடம் ஒரு பழைய கியர் கார் இருக்கிறது. என் பிரெஞ்சைத் திரட்டிக்கொண்டு போய், உங்கள் காரை ஓட்டிப்பார்க்க விரும்புகிறேன் என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எஞ்சினைத் திறந்து காட்டினார். குளிர்கால ரயர்களையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் “வீ, வீ” என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினேன். அவர் கைகுலுக்க வந்தபோதுதான், நான் காரை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது விளங்கியது. ரூபன் வந்து விஷயத்தைச் சொல்ல, லூக் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஞாயிறு காலை, கடைகள் திறக்குமுன், வெறுமையான ஒரு வாகனத் தரிப்பிடத்துக்கு, நான் ஓட்டிப் பழக, லூக்கே காரைக் கொண்டுவந்து தந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். நாங்கள் எங்கள் காரில் போயிருந்தோம். “இவளோடதானே ஓட்டப்போறீர்” என்று ரூபன் ஆரணியின் இருக்கையை லூக்கின் காரில் பின்னால் பூட்டினார். என் கால்கள் ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் ஊர்ப் பழக்கத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றப்போன இடது கை நேரே கதவில் போய் மோதியது.

“என்னப்பா, கதவைக் கழட்டப்போறீரே?”

“கியரைத் தேடுறன்.”

“அது உமக்கு வலப்பக்கம்.”

“எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது.”

வெளியேறும் இடத்தில் சிறிய ஏற்றம். நிறுத்தி எடுக்கையில் கை மறுபடியும் கதவுக்குப் போய்விட்டது. எஞ்சின் நின்று, கார் பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்துவிட்டேன், பின்னால் வாகனம் எதுவும் இல்லை. கண்ணாடியில் ஆரணி கைதட்டிக்கொண்டிருந்தாள். “ஆங்கோர், மமோ!” இன்னொருமுறை வேண்டுமாம். அம்மா ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்ற அவளுடைய நம்பிக்கைதான் என்னைக் கலக்கியது.

“பயமெண்டால் விடும்” என்றார் ரூபன், இம்முறை பகிடி இல்லாமல். “கடலோரத்தால ரெயினில போவம். மலைப்பக்கம் பேந்து ஒருக்காப் பாப்பம்.”

ஆறுதலாக இருந்தது. அதைவிட அவமானமாக இருந்தது. “இன்னொருக்கா எடுக்கிறன்” என்றேன். மூன்றாவது முயற்சியில் ஏறியது. ஏறியதால் எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

வீடு திரும்பும்போது எங்கள் காரை ரூபன் ஓட்டினார். நான் பக்கத்தில், வலப்புற இருக்கையில். ஊரில் ஓட்டுபவர் உட்காருவது அந்தப் பக்கம்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது குனிந்து பார்த்தேன். என் இடது கை நடுவிலிருந்த கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் போய் இருந்தது. இடது கால் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எனக்கு முன்னால் ஸ்டியரிங் மட்டும் இல்லை.

இடது கையால் கியர் பழகி, பிறகு வலது கைக்கு மாறிய தாய்மார் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் கை எத்தனை நாளில் மாறியது? பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த மலைப்பாதைகளில் நான் ஏறலாமா?