புஷ்பத்துக்கு வாங்கிய மூன்று தேதிகள்

சும்மா கிடைப்பதை வாங்க வைப்பதுதான் வியாபாரத்திலேயே பெரிய கஷ்டம். மலேசியாவின் பகாவ் பசாரில் பதினைந்து வருடம் பேரம் பேசி மீன் விற்ற எனக்கே இது, செம்பனைத் தோட்டத்துப் பெண்களை வேனில் ஏற்றி இலவச மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தேதி அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு மறந்துபோகிறவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், என் தலைவலி உங்களுக்குப் புரியும்.

செம்பனைக்குள்

அந்தப் பெண்களில் ஒருத்தி புஷ்பம்; அவளுடைய கூடப்பிறந்த அக்கா இந்த நோயில்தான் போனாள். அதனாலேயே விடாமல் இவளுக்குத் தேதி வாங்கினேன். முதல் தேதிக்குக் காய்ச்சல் என்றாள். இரண்டாவதற்கு லயத்து வீட்டு வாசலில் ஹாரன் அடித்து ஓய்ந்து, பின்பக்கம் போய்ப் பார்த்தேன். விடியற்காலைப் பனியில் செம்பனை வரிசைகள் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் நின்றன. நடுவே ஒரு மஞ்சள் கைலி மெதுவாக மிதந்து போனது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். கைலி நின்றது, திரும்பவில்லை.

"தெரியாம இருந்தாதான்லா எனக்குத் தூக்கம் வருது, அக்கா."

பவுடர்

ஒரே ஒரு காலைப் பொழுது கொடு, அப்புறம் உன் வாசல் பக்கமே வரமாட்டேன் என்று பேரம் பேசினேன். மூன்றாவது தேதிக்கு வந்தாள், கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல. வேனெல்லாம் பவுடர் வாசம். பவுடர் பூசினால் எக்ஸ்ரே படத்தில் சந்தேகப் புள்ளியாகத் தெரியும் என்று போனிலேயே கத்தியிருந்தேன். மறுபடி கத்தி, ஈரத் துண்டை நீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே மலைகள் ஒவ்வொன்றாக வெளுத்து வர, அவள் கண்ணை மூடிக்கொண்டே துடைத்தாள்.

"கூட்டிட்டுப் போற நீங்களே இந்தத் திட்டு திட்டினா, அங்க போனா அடிப்பாங்களா?"

தாலி

படமெடுக்கும் அறை வாசலில் நர்ஸ் மிஸ்ஸி கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னார். புஷ்பம் தாலியைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. இப்போது போனால் நாலாவது தேதிக்கு வரவே மாட்டாள். நீலாய் தொழிற்சாலையில் இருந்த அவள் புருஷனுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தேன். மெஷின் சத்தத்தையும் மீறி அவன் குரல் எனக்கே கேட்டது.

"கட்டினவன் நான் சொல்றேன், கழட்டி அக்கா கையில கொடு. சாயங்காலம் வந்து நானே கட்டுறேன்."

நாலாவது

தாலியைக் கழற்றிவிட்டு எடுத்த படத்திலும் அதைத் தொடர்ந்த பரிசோதனைகளிலும் ஒரு சின்னப் புற்றுநோய்க் கட்டி தெரிந்தது. ஆரம்பம்தான், எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று நான் வேனுக்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கையில், ஆஸ்பத்திரியில் நேராகவே கேட்டுத் தெரிந்துகொண்டு அவளே போன் செய்தாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு ஆபரேஷன் தேதியைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணி. வேன் லேட்டா வந்துச்சுன்னா, நான் சும்மா இருக்கமாட்டேன்லா."

ஆறு மாதமாக அவளைத் திட்டிய நான், அந்த வெள்ளிக்கிழமை அவளிடம் திட்டு வாங்கப் பயந்து அரை மணி முன்னாலேயே போய் நின்றேன்.