பெயர் வைத்த கொதிகலன்

லோர்னா ஹாஸ்கெட் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் இருபத்தாறு வருடங்களாக அமெரிக்க ராணுவம் அவள் விரல்நுனியில்தான் இருந்தது. நாடாளுமன்றக் கீழ்சபையின் ராணுவக் குழுவில் ஆண்டுதோறும் நாங்கள் எழுதும் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசியில் ஒரு நீண்ட அட்டவணை வரும். எந்தப் படைக்கு எத்தனை கப்பல், எந்த முகாமில் எத்தனை கழிப்பறை என்று வரிவரியாக இருக்கும். சட்டத்தின் முன்பகுதியைப் பற்றி உறுப்பினர்கள் பேசுவார்கள். அட்டவணையை லோர்னா மட்டுமே படிப்பாள்.

எங்கள் குழுவில் ஒரு முறை உண்டு. ஓர் உறுப்பினர் எதையாவது கூட்டச் சொன்னால், வேறெங்காவது அதே தொகையைக் குறைத்தாக வேண்டும். கூட்டுவது உறுப்பினரின் வேலை. குறைக்க இடம் தேடுவது லோர்னாவின் வேலை. எந்த வரியைக் காப்பாற்ற ஆள் இல்லையோ அதை வெட்டுவாள்.

அந்த மே மாதம் மார்லா கீன் வந்து நின்றாள். விமானத் தொழிற்சாலை இருக்கும் தொகுதி உறுப்பினரின் உதவியாளர்.

“ரெண்டு ப்ளேன் சேக்கணும் லோர்னா.”

“விமானப்படை கேக்கவே இல்லையே.”

“அவங்களுக்குக் கூச்சம். எங்க சாருக்கு அதெல்லாம் கிடையாது.”

பதினாறு கோடி டாலர் தேவைப்பட்டது. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று சுரண்டியதில் நாற்பது லட்சம் குறைந்தது. அது வழக்கமாக வரும் இடம் ஒன்று உண்டு: ஃபோர்ட் கெல்சன், வீரர் குடியிருப்பு, கொதிகலன் பழுதுபார்ப்பு. அந்த ஊர் உறுப்பினர் எங்கள் குழுவில் இல்லை. ஆறு வருடமாக அதை வெட்டியவள் லோர்னாதான்.

இந்த முறை விரல் நின்றுவிட்டது. ஜனவரியில், படையில் சேர்ந்திருந்த அவள் மகன் கோல்பியை அங்கேதான் போட்டிருந்தார்கள். முந்தின ஞாயிறு தொலைபேசியில் பேசியிருந்தான்.

“வெந்நீர் செவ்வாயும் வெள்ளியும்தாம்மா. அதுக்கும் எனக்கு முன்னாடி நாப்பது பேர்.”

“ரிப்பேர் பண்ணச் சொல்றதுதானே?”

“வருஷா வருஷம் கேக்குறாங்களாம். வாஷிங்டன்ல எவனோ அடிச்சிடறானாம். அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா…”

“சாப்பிட்டியாடா?” என்று கேட்டாள் லோர்னா.

அன்று கொதிகலனை விட்டுவிட்டு, ஃபோர்ட் டேனர் என்ற இன்னொரு முகாமின் கூரைப் பழுதுபார்ப்பை வெட்டினாள். ஆனால் அதோடு முடியாது. சட்டம் வெளியே போவதற்குள் இன்னும் இருபது மார்லாக்கள் வருவார்கள். மேல்சபையிலும் இதே வேலைக்கு ஒரு லோர்னா இருக்கிறாள். மகனுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் அந்த வரிக்கு ஒரு பெயர் வேண்டும்.

எங்கள் குழுத் தலைவர் ஆர்லன் ட்ரஸ்டேல் அந்த வருடம் ஓய்வு பெறவிருந்தார். ஓய்வு பெறுகிறவர் பெயரை எதற்காவது வைப்பதென்றால் இரு கட்சியிலும் யாரும் எதிர்க்க மாட்டார்கள். அடுத்த முறை அவர்களுக்கும் வேண்டுமே.

“சார், கெல்சன்ல ஒரு கட்டடத்துக்கு உங்க பேரை வைக்கலாம்னு பாக்குறேன்.”

“எவ்வளவு பெரிசும்மா?”

“மொத்தக் குடியிருப்புக்கும் சூடு அங்கேருந்துதான் சார்.”

ட்ரஸ்டேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நானும் அப்படித்தான் இருந்திருக்கேன்” என்றார்.

நாற்பத்து மூன்று திருத்தங்களை ஒரே கட்டாகக் கட்டி, விவாதமில்லாமல் நிறைவேற்றியபோது கொதிகலனும் அதில் போனது. விமானங்களும் போயின. அதன் பிறகு அந்த வரியை யாரும் தொடவில்லை. மேல்சபை லோர்னாவோ ட்ரஸ்டேலின் பெயரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய மனிதருக்கு இது போதாது என்று அறுபது லட்சமாக்கினாள். டிசம்பரில் கையெழுத்தானது.

ஜனவரியில் கோல்பி கூப்பிட்டான்.

“போர்டு வந்துருச்சும்மா. பித்தளை. மேல லைட்டு வேற.”

“வெந்நீர்?”

“செவ்வாய், வெள்ளி.”

லோர்னாவுக்குத் தெரியாததல்ல. எங்கள் சட்டம் செலவழிக்கலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். பணம் கொடுப்பது வேறொரு குழுவின் வேறொரு சட்டம். அது அக்டோபரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகைக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை என்பதால் அது முந்திக்கொண்டது.

பிப்ரவரியில் ட்ரஸ்டேல் பலகையைத் திறந்து வைக்கப் போனார். படம் எடுக்க வசதியாக, வீரர்களோடு ஒரு ராத்திரி தங்குவதாகவும் சொல்லிவிட்டார். விடிந்தது புதன்கிழமை. வெளியே முழங்கால் அளவு பனி. முப்பது வருட அரசியலில் எந்த விஷயத்திலும் காட்டாத வேகத்தோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தார் என்று கோல்பி சொன்னான். துண்டோடு நின்றபடியே பணக் குழுவில் இருந்த பழைய நண்பரைக் கூப்பிட்டாராம். “அதுல என் பேரு இருக்குய்யா” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாராம்.

மார்ச்சில் பணம் வந்தது. ஏப்ரல் கடைசியில் கோல்பி பேசினான்.

“இப்ப தெனமும் வருதும்மா. நீ எதாவது பண்ணியா?”

“நானா? நான் அட்டவணை அடிக்கிறவடா.”

மே மாதம் மார்லா மறுபடி வந்தாள். அதே இரண்டு விமானம். லோர்னா அட்டவணையை ஓட்டிப் பார்த்தாள். டேனர் கூரை திரும்ப வந்திருந்தது. அதற்கடுத்த வரியில் வாளிகள், இருநூறு.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா மார்லா? உங்க சார் எப்ப ரிடையர் ஆகறாரு?”