அவனைவிட இரண்டு கூட

"…எறக்குனியா இல்லியா, அத மட்டும் சொல்லு மாமா. ஏர்றதா வேணாமான்னு அப்பறம் நான் பாத்துக்கறேன்."

காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இப்படிக் கேட்டவள் என் மனைவி. அவள் கேட்டது டயரில் இருந்த காற்றைப் பற்றி. எனக்குப் பின்னால் அவன் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் சரியான பதில் சொல்லாவிட்டால் அவள் அதில் போய் ஏறிவிடுவாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எல்லாருக்குமே தெரியும்.

அவன் யாரென்று சொல்லிவிடுகிறேன். நானும் அவனும் ஒரே கான்ட்ராக்டரிடம் கார் ஓட்டுகிறோம். தேர்வாய் கண்டிகையில் உள்ள ஒரு கம்பெனிக்குப் பெண்களைக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டிவருவதும் எங்கள் வேலை. அதே கம்பெனியில்தான் என் மனைவி, செய்து வரும் சாமான் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் வண்டியின் முன் சீட்டு அவளுடையது. "டிரைவர் சம்சாரத்துக்கு மட்டும் ரிசர்வேஷனாண்ணா?" என்று பின்னால் இருக்கிற பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

ஒருநாள் கிளட்ச் வேலைக்காக என் வண்டியை ஒர்க் ஷாப்பில் விட வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு அவள் அவன் வண்டியில் போனாள். சாயங்காலம் வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா வண்டி மாமா அது! ஒரு ஆட்டம் இல்ல, ஒரு குலுக்கல் இல்ல. சத்தியவேடு ரோட்ல திரும்புனது தெரியும். அப்பறம் கம்பெனி கேட்டாண்டதான் கண்ண முழிச்சேன். அந்தண்ணன் எப்டித்தான் ஓட்றாரோ!"

அண்ணன் என்றுதான் சொன்னாள். ஒரு புருஷனுக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் எனக்கு வந்த எரிச்சல் அந்த ரகம் இல்லை. இருட்டு பிரியுமுன் எழுந்து, சமைத்து, டப்பாவில் கட்டிக்கொண்டு ஓடிவருகிறவள் அவள். அவளுக்குக் கிடைக்கிற நிம்மதியே அந்தக் கார் சவாரிதான். அத்தனை நாளும் என் பக்கத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழித்தபடியே வந்திருக்கிறாள். தூக்கம் வராதவள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஒரே நாளில் அவன் வண்டியில் கண்ணை மூடிவிட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னிக்கி மட்டும் மாமா, ஒடம்பெல்லாம் வலி" என்று அடுத்த வாரம் ஒருநாள் அதில் ஏறினாள். அந்த 'இன்னிக்கி மட்டும்' வாரத்தில் இரண்டு நாளாகி, பிறகு எல்லா நாளுமாகிவிட்டது. என் முன் சீட்டுக்கு வேறொரு பெண் வந்து சேர்ந்தாள். பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண், வாய்த் துடுக்கு அதிகம்.

நான் அவனை வேவு பார்க்கத் தொடங்கினேன். அவனுக்கென்று தனி ரோடா போட்டிருக்கிறார்கள்? அதே பள்ளம், அதே டிரெய்லர் லாரி, அதே தூசி. அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது? சீப்பால் படிய வாரிய தலை, கஞ்சி போட்ட சட்டை, பாட்டே வைக்காத வண்டி. கடைசியில் பெட்ரோல் பங்க்கில் பிடித்தேன். ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே, டயர் சூடேறாமல் இருக்கும்போதே வந்து நிற்கிறான். காற்றடிக்கிறவரிடம், "நாலுலயும் முப்பத்து மூணு வைங்கண்ணா" என்கிறான். நானோ டயர் சப்பையாகக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அந்தப் பக்கம் போகிறவன்.

ஆகா, சூட்சுமம் இதுதானா! அவன் வண்டி நகர்ந்ததும் என் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"முப்பத்தஞ்சு வைங்க."

"உங்க வண்டிய செஞ்ச கம்பெனிக்காரன் எவ்ளோ போட்டுகிறான்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க வைங்க."

அவனைவிட இரண்டு கூட. அன்றைக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. ஆனால் மறுநாளும் அவள் அவன் வண்டியில்தான் ஏறினாள். சரி, இரண்டு பற்றவில்லை என்று முப்பத்தெட்டுக்குப் போனேன். பிறகு நாற்பது.

என் வண்டியில் வந்த பெண்கள் பாடு திண்டாட்டம். பழவேற்காட்டுப் பெண், "ஏரியில காத்து அடிக்கசொல்ல போட்ல போனாகூட இப்டி தூக்கிப் போடாதுண்ணா" என்றாள். பின் சீட்டிலிருந்து இன்னொருத்தி, "டப்பால இட்லி வெச்சி எத்தினு போனேன்ணா. கம்பெனில தொறந்தா உப்புமாவா கீது" என்றாள். வண்டியே சிரித்தது, நானும் சிரித்தேன். இந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவதற்காகவே இந்த வேலையை விடாமல் இருக்கிறேன். ஆனாலும் மனசுக்குள், 'இன்னும் காற்று பற்றவில்லை போலிருக்கிறது' என்றுதான் ஓடியது.

ஐப்பசி மழை பிடித்தது. சத்தியவேடு ரோட்டில் எனக்கு முன்னால் கம்பி ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கம்பிகள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் சிவப்புத் துணி. லாரிக்காரர் பிரேக் போட்டார், நானும் போட்டேன். அவர் நின்றார், நான் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீரில் விட்ட தட்டு மாதிரி வண்டி வழுக்கிக்கொண்டே போனது. பெண்கள் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் அந்தச் சிவப்புத் துணி வந்ததும் வண்டி நின்றது.

எனக்குப் பின்னால் வந்தவன் அதே மழையில், அதே ரோட்டில், நிதானமாக நிறுத்தியிருந்தான். இறங்கி நனைந்துகொண்டே ஓடிவந்து, "யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டான். அவன் வண்டியின் உள்ளிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இறங்கவில்லை. அன்றைக்கு அவள் தூங்கியிருக்கவும் இல்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியதும், எனக்கு முன்பே வந்திருந்தவள் முன் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். விரலால் தடவினாள்.

"நடுவுல வழுவழுன்னு கீது. ரெண்டு ஓரத்துல டயர் பட்டன் தேயாம அப்டியே கீது. எங்க லைன்ல இப்டி ஒரு பீஸ் வந்துச்சின்னா ரிஜெக்ட்ல போட்ருவோம். எவ்ளோ காத்து வெக்கிற?"

"நாப்பது."

எழுந்து டிரைவர் கதவைத் திறந்தாள். கதவை ஒட்டிய தூணில் வண்டி வாங்கியதிலிருந்து ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. நான் அதை ஒருநாளும் படித்ததில்லை. அவள் படித்தாள். "முன்ன முப்பது. ஆளு நெறஞ்சா பின்ன முப்பத்து மூணு. நாப்பது வெக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"அவன் முப்பத்து மூணு வெக்கிறான்மே. நான் அவனுக்குக் கீழ போவணுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது அவரு வண்டிக்கு. பக்கத்து ஊட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரய நீ ரெண்டு சேத்து முழுங்குவியா? பின்னாடி ஒக்காந்து வர்துங்கள்லாம் யாரு பெத்த பொண்ணுங்க?"

அளவுக்கு மேல் அடைத்ததால் டயர் நடுவில் உப்பிக்கொண்டு, அந்த நடுப்பகுதி மட்டுமே ரோட்டைத் தொட்டிருக்கிறது. தேய்ந்ததும் அதுதான், குலுக்கியதும் அதுதான், மழையில் பிடிமானம் விட்டதும் அதனால்தான். இதெல்லாம் புரிந்தது. ஆனாலும் அவளே அவனை 'அவரு' என்றதுதான் இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் லீவு போட்டு முன் டயர் இரண்டையும் மாற்றினேன். அதற்கடுத்த நாள் விடியலில் பங்க்குக்குப் போனால், பக்கத்திலேயே அவன் நிற்கிறான். காற்றடிக்கிறவர், "எவ்ளோண்ணா, நாப்பதா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "முன்ன முப்பது" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்துவிட்டார்.

அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்கேதான் ஜன்னலில் தலையை நீட்டி அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எறக்கிட்டேன்" என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் நம்பவில்லை. பின்பக்கம் திரும்பி, "அண்ணா, கொஞ்சம் வந்து பாத்து சொல்றீங்களா?" என்று அவனையே கூப்பிட்டாள். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்! பேனா போன்ற அளவுக்கருவியோடு வந்து, கஞ்சிச் சட்டை மடங்காமல் குந்தி, ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்தான். ஏதாவது ஒன்றில் குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"எல்லாம் கரெக்டா கீதும்மா" என்றான்.

பழவேற்காட்டுப் பெண் சிரித்துக்கொண்டே பின்சீட்டுக்குத் தாவினாள். என் மனைவி முன்பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். பிறகு, என் பக்கத்தில் ஒருநாளும் போட்டிராத பெல்ட்டை இழுத்து, பூட்டில் விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டிக்கொண்டாள்.